பதினாறா, நூற்றறுபதா?

பேனா, காகிதம், கைப்பேசி எதையும் தொடாமல் ஒரு கணக்குக்கு விடை சொல்லுங்கள். 3.04ஐ 5.3ஆல் பெருக்கினால் வருவது எதற்கு அருகில் இருக்கும்: 1.6, 16, 160, 1,600?

மூன்று சொச்சம், ஐந்து சொச்சம். மூவைந்து பதினைந்து. அதற்குக் கொஞ்சம் மேலே என்றால் 16தான். இரண்டு நொடிகூட ஆகாது.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நாடு முழுவதும் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 13 வயதுப் பிள்ளைகளில் 16 என்று சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தால்கூட நான்கில் ஒருவருக்குச் சரியாக வந்திருக்கும். மீதிப் பேரில் பெரும்பாலோர் மற்ற மூன்று விடைகளுக்கும் பிரிந்து போயிருந்தார்கள். 17 வயதினரிலும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை.

அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்குத் தசமப் பெருக்கலே தெரியாது என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் புதிர். இதே மாதிரிப் பெருக்கலைத் தாளில் போடச் சொன்னபோது 13 வயதினரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் புள்ளி பிசகாமல் சரியான விடையை எழுதினார்கள். கஷ்டமான வேலையை முடித்தவர்களால் சுலபமான வேலையை முடிக்க முடியவில்லை. துல்லியமான விடை கிடைக்கிறது. அந்த விடை சுமாராக எவ்வளவு பெரியது என்பது தெரியவில்லை. இது எப்படி நடக்கும்?

விதிக்குக் கண் கிடையாது

தசமப் பெருக்கலுக்குப் பள்ளியில் சொல்லித் தரும் விதி நமக்கெல்லாம் மனப்பாடம். புள்ளி இருப்பதையே மறந்துவிட்டுப் பெருக்கு. பெருக்கப்பட்ட எண்களில் புள்ளிக்குப் பிறகு மொத்தம் எத்தனை இலக்கம் இருந்தன என்று எண்ணு. விடையில் வலப்பக்கத்திலிருந்து அத்தனை இலக்கம் தள்ளிப் புள்ளி வை.

304ஐ 53ஆல் பெருக்கினால் 16112. முதல் எண்ணில் இரண்டு இலக்கம், அடுத்ததில் ஒன்று, ஆக மூன்று. புள்ளியை மூன்று இடம் தள்ளி வைத்தால் 16.112. விடை சரி. ஆனால் இந்த வேலையின் எந்தக் கட்டத்திலும் 3.04 என்பது மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் வரவில்லை. பெருக்கும்போது அது முந்நூற்று நான்கு. புள்ளி வைக்கும்போது அது ‘இரண்டு இலக்கம்’. மூன்று சொச்சமாக அது ஒரு தடவைகூட மனதில் வந்து நிற்கவில்லை.

விதியைப் பிழையில்லாமல் பின்பற்றும்வரை இதனால் நஷ்டமில்லை. எண்ணும்போது ஒரு இலக்கம் தவறினால்தான் வினை. 161.12 என்று எழுதிவிட்ட பிள்ளைக்கு உறுத்துவதற்கு எதுவுமே இல்லை. 2.5 × 0.4 என்ற கணக்கைப் பாருங்கள். 25ஐ 4ஆல் பெருக்கினால் 100. இரண்டு இடம் தள்ளினால் 1.00, அதாவது 1. ஆனால் 100இன் கடைசிச் சைபர்களை முதலிலேயே அடித்துவிட்டு, மிஞ்சிய 1க்கு இரண்டு இடம் தள்ளிப் புள்ளி வைத்து 0.01 என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. இரண்டரையில் கிட்டத்தட்டப் பாதியைக் கேட்கிறார்கள், நூறில் ஒரு பங்கா வரும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்திருந்தால் பேனா நின்றிருக்கும். அந்த நினைப்புக்குத்தான் உத்தேச மதிப்பு என்று பெயர். துல்லியமான விடையைக் கணக்கிடாமலே அது எந்த அளவில் இருக்கும் என்று கண்டுகொள்வது.

புள்ளி சுவர் இல்லை

உத்தேசிக்க வேண்டுமானால் முதலில் எண்ணின் அளவு தெரிய வேண்டும். தசம எண்ணில் அது தெரிவது, நாம் நினைப்பதுபோல அவ்வளவு எளிதல்ல. நம் பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே பார்க்கும் புள்ளிகள் பலவும் தசமப் புள்ளிகளே இல்லை என்பது ஒரு முக்கியமான காரணம்.

கிரிக்கெட்டில் 19.3 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அது உண்மையில் பத்தொன்பதரை ஓவர். 19.5க்கு அடுத்தது 20. கல்யாணப் பத்திரிகையில் மாலை 5.30 மணி என்று போட்டால் ஐந்தரை மணி. ஐந்தும் பத்தில் மூன்று பங்கும் அல்ல. உயரத்தில் இது இன்னும் வேடிக்கை. ஐந்தடி பதினொரு அங்குலத்தை 5.11 என்றும், ஐந்தடி ஒன்பது அங்குலத்தை 5.9 என்றும் எழுதுகிறோம். அங்கே 5.11தான் பெரியது. கணக்கு நோட்டில் 5.9தான் பெரியது. வீட்டில் கற்றதும் வகுப்பில் கற்பதும் நேருக்கு நேர் மோதுகின்றன.

இந்த இடங்களிலெல்லாம் புள்ளி ஒரு சுவர். அதன் இடப்பக்கம் ஒரு முழு எண், வலப்பக்கம் வேறோர் அலகில் இன்னொரு முழு எண். ரூபாய்க் கணக்கும் இந்தப் பழக்கத்தை உடைப்பதில்லை. 4.75 என்றால் நான்கு ரூபாய், எழுபத்தைந்து பைசா. பைசாவை எப்போதும் இரண்டு இலக்கமாகவே எழுதுவதால், 4.5 பெரியதா 4.35 பெரியதா என்ற சிக்கல் கடைவீதியில் எழுவதே இல்லை.

தசம எண்ணில் புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஒரே அலகுதான். இடப்பக்கம் போகப்போக ஒவ்வோர் இடமும் பத்து மடங்காகிறது; வலப்பக்கம் போகப்போகப் பத்தில் ஒரு பங்காகிறது. ஒன்றுகளுக்கு அடுத்தது பத்தில் ஒன்றுகள், பிறகு நூறில் ஒன்றுகள், பிறகு ஆயிரத்தில் ஒன்றுகள். ஒன்றுகளின் இடம் எங்கே முடிகிறது என்று காட்டுவது மட்டுமே புள்ளியின் வேலை. 1585இல் தசமப் பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டீவின், இன்று நாம் எழுதுவதுபோலப் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டு, அதற்குள் 0, 1, 2 என்று அந்த இலக்கத்தின் இடத்தையே எழுதினார். எழுதுவதற்கு அது சள்ளை பிடித்த வேலை. ஆனால் அந்த முறையில் 5.11ஐப் பார்த்து ‘பதினொன்று’ என்று யாரும் படித்துவிட முடியாது.

மதிப்பெண் சொல்லாததைத் தவறு சொல்லும்

பிள்ளைகள் தசமத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் தலைக்குள் நடக்கும் விஷயம். அது நமக்கு எப்படித் தெரிந்தது? 1980களில் பிரான்ஸ், இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களும், பிறகு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி ஆகியோரும் கையாண்ட வழி மிக எளிமையானது. இரண்டு தசம எண்களைக் கொடுத்து எது பெரியது என்று கேட்பது. அவர்களுடைய சாமர்த்தியமெல்லாம் ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது.

2.7, 2.58 என்பது ஒரு ஜோடி. 5.62, 5.736 என்பது இன்னொன்று. முதல் ஜோடியில் இலக்கம் குறைந்த எண் பெரியது. இரண்டாவதில் இலக்கம் கூடிய எண் பெரியது. இப்போது ஒரு பிள்ளை முதல் ஜோடியில் 2.58 என்றும், இரண்டாவதில் 5.736 என்றும் சொல்கிறது. ஒன்று தவறு, ஒன்று சரி. இதே மாதிரி ஜோடிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் இதே ஒழுங்கில் விடை வருகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு ஒரு விதி இருக்கிறது: ‘நீளமானதே பெரியது’. 58, 7ஐவிடப் பெரியது. 736, 62ஐவிடப் பெரியது. புள்ளியைச் சுவராகப் பார்க்கும் பார்வை இதுதான்.

இன்னொரு பிள்ளை முதலாவதில் 2.7 என்று சரியாகவும், இரண்டாவதில் 5.62 என்று தவறாகவும் சொல்கிறது. அதன் விதி நேரெதிர்: ‘குட்டையானதே பெரியது’. இது சும்மா வந்ததல்ல. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது, ஆயிரத்தில் ஒன்று அதைவிடவும் சிறியது என்று ஆசிரியர் சொன்னதைக் கவனமாகக் கேட்ட பிள்ளை இது. ஆயிரத்தில் ஒன்றுகள்வரை போகும் எண், நூறில் ஒன்றுகளோடு நிற்கும் எண்ணைவிடச் சிறியதாகத்தானே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. துண்டு சின்னதுதான். ஆனால் எத்தனை துண்டு என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அதற்கு விட்டுப்போனது.

இரண்டு பிள்ளைகளும் பத்துக்கு ஐந்து வாங்குவார்கள். மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒன்று. ஆனால் இருவருக்கும் நோய் வேறு, மருந்து வேறு. எந்தக் கேள்விகள் தவறின என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அது தெரிகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மெல்போர்ன் ஆய்வு, இந்த விதிகள் வகுப்பு ஏறினால் தாமாக உதிர்ந்துவிடுவதில்லை என்று காட்டியது. ஆசிரியர் பயிற்சி பெறுகிறவர்களிலும் சிலரிடம் அவை ஒளிந்திருந்தன. ‘நீளமானதே பெரியது’ என்ற விதியோடு ஒருவர் உத்தேசத்தில் இறங்கினால், 0.8ஐவிட 0.125 பெரியது என்ற அஸ்திவாரத்தின் மேல்தான் கட்டுவார்.

நன்றாக உத்தேசிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ரீஸும் அவருடைய குழுவும் 1982இல் இந்தக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உத்தேசக் கணக்குகள் கொடுத்து, அதில் சிறந்து விளங்கியவர்களைத் தனியே அழைத்து, எப்படி யோசித்தீர்கள் என்று பேச வைத்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. ஆனால் அவர்களின் வழிகளை மூன்று வகையாகப் பிரிக்க முடிந்தது: எண்களை மாற்றிக்கொள்வது, கணக்கின் அமைப்பையே மாற்றிக்கொள்வது, பிறகு ஈடுகட்டுவது.

எண்களை மாற்றிக்கொள்வதில் நாம் பள்ளியில் படிக்கும் முறை முழுமையாக்கல். இலங்கைப் பாடநூல்கள் இதை மட்டந்தட்டல் என்கின்றன. 5.3ஐ 5 ஆக்குவது, 7.86ஐ 8 ஆக்குவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 312 × 0.038 என்ற கணக்கில் ‘முழு எண்ணுக்கு முழுமையாக்கு’ என்ற கட்டளையை அப்படியே பின்பற்றினால் 0.038 சைபராகிவிடும், விடையும் சைபர். பத்தில் ஒன்றுகள்வரை என்றாலும் அதே கதி. இங்கே புள்ளிக்குப் பிறகு எத்தனையாவது இடம் என்று பார்ப்பதில் பயனில்லை. எண்ணில் சைபர் அல்லாத முதல் இலக்கம் எது என்று பார்க்க வேண்டும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் முக்கிய எண்ணுருக்கள் என்று படிக்கிறோமே, அந்தக் கருத்தின் வேர் இது. 0.038ஐ 0.04 ஆக்குங்கள், 312ஐ 300 ஆக்குங்கள். நூறில் நான்கு பங்கு, முந்நூறுக்குப் பன்னிரண்டு. உண்மையான விடை 11.856.

எப்போதும் கிட்டத்தில் இருக்கும் முழு எண்ணுக்கே ஓட வேண்டும் என்பதில்லை. பாதை தெரிந்த எண்களுக்குப் போவது சில சமயம் நல்லது. அவற்றை மைல்கல் எண்கள் என்று அழைக்கலாம். இதில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் கையிருப்பு அதிகம். அரைக்கால், கால், அரை, முக்கால் என்று ஒற்றைச் சொல்லாகவே பின்னங்களைப் புழங்கி வந்திருக்கிறோம். 0.125, 0.25, 0.5, 0.75 எல்லாம் இவைதான். காய்கறிக் கடைத் தராசின் திரையில் 0.745 என்று தெரிகிறது, விலை கிலோ 64 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இலக்கத் தசமத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது முக்காலுக்கு ஒரு துளி குறைவு. 64இல் முக்கால் 48. ஆகவே 48க்குச் சற்றுக் கீழே. துல்லியமாகப் போட்டால் 47.68. கடைக்காரர் 57 என்று சொன்னால், அவர் கைதவறி வேறு விலையைத் தட்டியிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

வகுத்தலில் இன்னொரு வித்தை உதவும். 23.7 ÷ 0.48 என்ற கணக்கில் இரண்டையும் தனித்தனியே முழுமையாக்கிப் பயனில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் எண்களைத் தேட வேண்டும். 48இல் பாதி 24. 23.7ஐ 24 ஆக்கினால், 24 ÷ 0.48 என்பது 50. வகுபடும் எண்ணைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம். ஆகவே உண்மை விடை 50க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது 49.375. இப்படிப்பட்டவற்றை இணக்க எண்கள் எனலாம்.

கடைசி வாக்கியத்தில் செய்ததுதான் ஈடுகட்டல். ரீஸ் குழு பேட்டி கண்டவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. எண்ணை மாற்றியதோடு அவர்கள் நிற்பதில்லை. மாற்றியதால் விடை மேலே போனதா, கீழே போனதா என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 3.04 × 5.3இல் இரண்டு எண்களையும் குறைத்து 15 என்று சொன்னோம். விட்ட 0.3ஐ மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1. ஆகவே 16. உத்தேசம் என்பது குருட்டாம்போக்கில் ஒரு எண்ணைச் சொல்வதல்ல. எந்தப் பக்கம், எவ்வளவு பிசகியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது.

பெருக்கினால் பெருக வேண்டுமா?

அளவு பற்றிய உணர்வு சரியாக இருந்தும் கணக்கு தவறலாம். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆலன் பெல்லும் அவருடைய சகாக்களும் மாணவர்களிடம் பெட்ரோல் கணக்குகளைக் கேட்டார்கள். ஒரு காலன் பெட்ரோலின் விலையைச் சொல்லி, இத்தனை காலனுக்கு எவ்வளவு, எந்தச் செயலைச் செய்வாய் என்பது கேள்வி. ஐந்து காலன் என்றால் மாணவர்கள் தயங்காமல் பெருக்கினார்கள். 0.22 காலன் என்று எண்ணை மட்டும் மாற்றியபோது பலர் வகுத்தலுக்குத் தாவினார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு காலனுக்கும் குறைவாக வாங்கினால் விலையும் குறைய வேண்டும் என்று சரியாகவே உத்தேசித்தார்கள். ஆனால் பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்று ஆரம்பப் பள்ளியிலிருந்து ஊறிப்போன நம்பிக்கை குறுக்கே வந்து, விடை குறைய வேண்டும் என்றால் வகுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முழு எண்களின் உலகத்தில் அந்த நம்பிக்கை கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும். ஒன்றைவிடச் சிறிய எண்கள் வந்ததும் பொய்த்துப்போகும். 64ஐ 0.745ஆல் பெருக்கினால் 64இல் ஒரு பங்குதான் கிடைக்கிறது. 23.7ஐ 0.48ஆல் வகுத்தால், 23.7க்குள் எத்தனை அரைகள் என்று எண்ணுகிறோம். எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

ஆகவே தசமத்தில் உத்தேசத்தின் முதல் கேள்வி, பெருக்கும் எண் ஒன்றுக்கு மேலா, கீழா என்பது. அது தெரிந்துவிட்டால் விடை எந்தத் திசையில் நகரும் என்பது தெரிந்துவிடும்.

சில்லறைப் பிழைகள் சேர்ந்தால்

முழுமையாக்கலில் கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று நம்புகிறோம். பெரும்பாலும் அது சரி. ஆனால் ஒரு நிபந்தனையோடு.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் 100 நயா பைசா. ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா என்று வரும். கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. எனவே மாற்று விகிதத்தில் முழுமையாக்கினார்கள்: ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25. ஓரணாப் பொருளை நான்கு தடவை தனித்தனியாக வாங்கியவர் 24 நயா பைசா கொடுத்தார். கடைக்காரருக்கு ஒன்று நஷ்டம். மூன்றணாப் பொருளை நான்கு தடவை வாங்கியவர் 75க்குப் பதில் 76 கொடுத்தார். கடைக்காரருக்கு ஒன்று லாபம். பிழை இரண்டு பக்கமும் விழுந்ததால் ஓரளவு ஒன்றையொன்று தின்றுவிட்டது. இன்று பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று வரும் வரியும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

பிழை எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் என்ன ஆகும்? கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு புதிய குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஆரம்ப மதிப்பு 1,000. பங்குகள் கைமாறும்போதெல்லாம், ஒரு நாளில் ஏறத்தாழ மூவாயிரம் தடவை, கணினி அதைப் புதுப்பித்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று தசம இடம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை முழுமையாக்காமல் வெட்டிவிட்டது. 1983 நவம்பரில் சந்தை நன்றாகவே இருந்தும் குறியீடு சுமார் 524இல் கிடந்தது. தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது அது 1,098க்கு மேல் எழுந்தது.

ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை வெட்டியதற்கா இத்தனை பெரிய வீழ்ச்சி? உத்தேசித்துப் பார்த்துவிடலாம். வெட்டப்படும் துண்டு சைபருக்கும் 0.001க்கும் இடையில் எங்கும் இருக்கலாம், சராசரி 0.0005. ஒரு நாளில் மூவாயிரம் தடவை என்றால் 1.5. மாதத்துக்கு இருபது வேலை நாள் என்றால் 30. 22 மாதத்தில் 660. உண்மையில் தொலைந்தது சுமார் 574. நம் எண் சற்று அதிகம்தான். ஆனால் குற்றவாளி யார் என்று காட்ட அது போதும். சராசரித் துண்டுக்கு ஒரு சைபர் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் 66 என்றோ 6,600 என்றோ வந்து, நம் கணக்கில் பிழை இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருக்கும்.

இலக்கத்தைத் தரும் கருவி, இடத்தைத் தராத கருவி

உத்தேசம் இல்லாமல் வேலையே நடக்காத ஒரு காலம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்து, 1970கள்வரை உலகெங்கும் பொறியாளர்களின் கையில் இருந்த கருவி ஸ்லைடு ரூல். ஒன்றின் மேல் ஒன்று நகரும் இரண்டு அளவுகோல்கள். அதில் 3.04ஐயும் 5.3ஐயும் பெருக்கினால் 1, 6, 1 என்ற இலக்கங்கள் கிடைக்கும். 1.61ஆ, 16.1ஆ, 161ஆ என்று கருவி சொல்லாது. 30.4ஐ 530ஆல் பெருக்கினாலும் அதே 1, 6, 1தான். ப்ளஸ் டூ ஆய்வகத்தில் லாக் டேபிள் புரட்டியவர்களுக்கு இது பழக்கமான சங்கடம். 3.04க்கும் 304க்கும் அட்டவணையில் பார்க்கும் எண் ஒன்றே. அளவை நாம்தான் தனியே எழுத வேண்டும்.

இலக்கங்கள் கதவு எண் மாதிரி. அளவு ஊர்ப்பெயர் மாதிரி. கதவு எண் ஒன்றிரண்டு தவறினால் பக்கத்து வீட்டிலாவது விசாரித்துக் கடிதத்தைச் சேர்த்துவிடலாம். ஊர்ப்பெயர் தவறினால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஸ்லைடு ரூல் கதவு எண்ணைத் தந்தது, ஊரை மனிதர் எழுதினார். ஒவ்வொரு கணக்கிலும் உத்தேசம் கட்டாயமாக இருந்தது. 1972இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் கையடக்க அறிவியல் கணிப்பானைக் கொண்டுவந்த பிறகு கட்டாயம் போயிற்று. புள்ளியும் சேர்ந்தே திரையில் வந்தது. ஆனால் புள்ளியை அழுத்தும் விரல் இன்னும் மனிதருடையதுதான்.

மருத்துவமனையில் இது விளையாட்டல்ல. ‘.5 மில்லிகிராம்’ என்று முன்சைபர் இல்லாமல் எழுதினால், மங்கலான புள்ளி கண்ணுக்குத் தப்பி 5 ஆகிவிடலாம். ‘1.0 மில்லிகிராம்’ என்று தேவையில்லாத பின்சைபரோடு எழுதினால் 10 ஆகிவிடலாம். இரண்டிலும் மருந்து பத்து மடங்கு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட, எழுதக் கூடாதவற்றின் பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன. எழுத்துமுறையைத் திருத்துவது ஒரு பாதுகாப்பு. ‘இந்த வயதுக் குழந்தைக்கு இவ்வளவா?’ என்று நிற்கும் செவிலியரின் அளவுணர்வு இன்னொரு பாதுகாப்பு.

புள்ளி இல்லாத விடைகள்

அந்த அளவுணர்வை ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே வளர்க்க முடியும். அதற்குப் புதிய பாடம் வேண்டாம். கணக்கின் வரிசையை மாற்றினால் போதும். முதலில் உத்தேசம், பிறகு கணக்கீடு. விடை வந்த பிறகு உத்தேசிக்கச் சொன்னால், பிள்ளைகள் விடையைப் பார்த்து அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுவார்கள்.

இன்னொரு வழி, இலக்கங்களை நாமே கொடுத்துவிட்டுப் புள்ளியை மட்டும் வைக்கச் சொல்வது. 462 × 0.97 என்ற கணக்கின் விடையில் உள்ள இலக்கங்கள் 44814. புள்ளி எங்கே? இலக்கங்களை எண்ணாமல் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். 0.97 ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, ஆகவே விடை 462க்குச் சற்றுக் குறைவு, ஆகவே 448.14 என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்குத் தசமம் பிடிபட்டுவிட்டது. 18.6 ÷ 0.31 என்பது 0.6ஆ, 6ஆ, 60ஆ, 600ஆ? 0.31 மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முழுமைக்குள்ளும் அது மூன்று தடவை அடங்கும். பதினெட்டுக்குள் ஐம்பத்து நான்கு. சொச்சத்தையும் சேர்த்தால் 60தான்.

இதற்கு நேரம் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உத்தேசத்துக்கு ஒரே சரியான விடை கிடையாது என்பதால் திருத்துவதும் சிரமம். இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக உத்தேசித்து இருவருமே சரியாக இருக்கலாம். காரணத்தைப் படித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். ஆனாலும் அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஐந்து மதிப்பெண் கணக்கில் முதல் மதிப்பெண்ணை, கணக்கீட்டுக்கு முன்னால் எழுதும் உத்தேச வரிக்கு ஒதுக்கினால் பிள்ளைகள் ஒரே பருவத்தில் பழகிக்கொள்வார்கள். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் நம் வகுப்பறையின் கவனமும் இருக்கிறது.